முன் இருக்கைக்காரி

தோளைக் கிழித்துத் தைத்துக்கொண்டு வீட்டில் கிடப்பவளைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஆறுதல் சொல்ல வருவதில்லை. தீர்ப்புச் சொல்லத்தான் வருகிறார்கள். கழுத்திலிருந்து தொங்கிய பட்டையில் வலது கையை மாட்டிக்கொண்டு அவள் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "எல்லாம் அந்தப் படகாலதானே?" என்று கேட்டார்கள். கீழ்வீட்டுக்காரி கேட்டாள். கணவரின் ஆபீஸ்காரர்கள் கேட்டார்கள். குளியலறைக்கு வெளியே தண்ணீரையே பார்த்திராத சித்தப்பா ஒருவர் போன் போட்டுக் கேட்டார். நாற்பது தாண்டிய பொம்பளைக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்பதுதான் எல்லாருடைய கேள்விக்கும் உள்ளே இருந்த கேள்வி.

கேட்டவர்களுக்கெல்லாம் இடது கையால் காபி கலந்து கொடுத்தாள். அதை மட்டும் யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

வாரநாட்களில் அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. மூக்குக் கண்ணாடிக்கு வில்லையைத் தேய்த்து, ஓரம் சீவி, சட்டத்தில் பொருத்துகிற வேலை. ஊரில் பாதிப் பேர் உலகத்தைப் பார்ப்பது அவள் கைவண்ணத்தில்தான். சனி, ஞாயிறு விடிந்தால் ஏரி. ஏரியில் இருவர் உட்காரும் ஒல்லிப் படகு ஒன்று. முன் இருக்கை இவளுக்கு, பின் இருக்கை நீச்சல் டீச்சருக்கு. டீச்சர் பள்ளிக்கூடக் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். அவள் அதட்டினால் அக்கரைக் கொக்கு எழுந்து பறக்கும்.

அந்த மாதிரிப் படகில் முன்னால் உட்காருகிறவள்தான் துடுப்பின் தாளத்தைப் போட வேண்டும். பின்னால் இருப்பவள் அவள் தோளைப் பார்த்துப் பார்த்து அதே தாளத்தில் துடுப்புப் போட்டு, காலால் சுக்கானைத் திருப்புவாள். தாளம் பிசகினால் துடுப்பும் துடுப்பும் முட்டிக்கொள்ளும். "என் புருஷன் மூஞ்சிய விட உன் தோளத்தான்டி நான் அதிகமா பாத்திருக்கேன்" என்பாள் டீச்சர். அது வேடிக்கைப் பேச்சல்ல, நிஜம்.

ஏரி நடுவில் ஒரு தீவு. வருடத்துக்கு ஒருமுறை அந்தத் தீவைச் சுற்றி வரும் பந்தயம் நடக்கும். ஓர் அம்மாவும் மகளும் சேர்ந்து வந்து ஒவ்வொரு தடவையும் முதலாவதாகப் போய்விடுவார்கள். இவர்கள் இருவரும் அவர்களுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே இரண்டாவதாக வந்து சேருவார்கள். இந்த வருடம் மகள் கல்யாணமாகி வேறு நாட்டுக்குப் போய்விட்டாள். வழி திறந்தது. திறந்த அந்த நேரம் பார்த்துத்தான் இவளுடைய தோளுக்குள் இருந்த தசைநாண், வருடக்கணக்காக உரசிய கயிறு மாதிரி, நைந்து அறுந்தது.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே டீச்சர் வந்தாள். பழம் கொண்டுவரவில்லை. ஒரு நிபந்தனை கொண்டுவந்தாள்.

"உன் சீட்டுல ஆளே ஏத்தாம வச்சிருக்கேன். பந்தயத்துக்கு முன்னாடி டாக்டர் சரின்னு சொன்னா நாம போறோம். ஆனா அதுவரைக்கும் நீ துடுப்பத் தொடக்கூடாது. எனக்குத் தெரியாம ஒருநாள் தண்ணில எறங்கினேன்னு தெரிஞ்சுது, அன்னைக்கோட சரி. அரைத் தோளோட வந்து உக்காந்து நீ என்னையும் சேத்துக் கவுத்துடுவ."

"சத்தியமா தொடமாட்டேன்."

"உன் சத்தியத்தத்தான்டி நம்பறேன். டாக்டர இல்ல."

மருந்தைவிட அந்தக் காலி இருக்கைதான் அவளை எழுப்பி உட்காரவைத்தது.

கணவரைப் பற்றி ஊரில் ஒரே பேச்சு: தங்கமான மனுஷன். லிஃப்ட் கம்பெனியில் பெரிய வேலை. அடுத்தவர் வீட்டு லிஃப்டையெல்லாம் மேலே ஏற்றி இறக்குகிறவர். ஆபரேஷன் ஆன புதிதில் அவளுக்குத் தலை வாரினார், சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டார். போட்டுவிட்டதை நாலு பேரிடம் சொன்னார். பொய்யில்லை, எல்லாம் அன்பாகத்தான் செய்தார். ஆனால் பத்தாம் நாளிலிருந்து அவருக்கு எதுவும் கண்ணில் படவில்லை. டீத்தூள் எங்கே, துண்டு எங்கே, வெள்ளைச் சட்டை எங்கே? அவர் தேடி முடிப்பதற்குள் இவள் எழுந்துபோய் எடுத்துக் கொடுத்துவிடலாம், எடுத்துக் கொடுத்தாள். துடுப்புக்கு ஆகாத கை துணி காயப்போட ஆகும் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே நடந்தது.

அவளுடைய அக்கா இரண்டு தெரு தள்ளி இருந்தாள். வந்து பார்த்துவிட்டு மோவாயில் கைவைத்தாள். "கொடுத்து வச்சவடி நீ. எங்க வீட்ல இருக்கே ஒண்ணு, நான் செத்தா கூட, சாப்பாடு ஆச்சான்னு கேட்டுட்டுத்தான் அழும். மாப்பிள்ளை மாதிரி ஒருத்தர் கிடைக்க ஏழு ஜென்மம் தவம் பண்ணணும். அந்த மனுஷன் மனசு நோகாம, இனிமேலாவது படகு கிடகுன்னு அலையாம, வீட்டப் பாரு."

கையைப் பழக்கித் தருவதற்கு ஒரு சின்னப் பெண் இருந்தாள், பிசியோ. வெடுக் வெடுக்கென்று பேசுவாள். அவளுடைய அறையில் கதவுமேல் ஒரு கப்பி, அதில் ஒரு கயிறு. நல்ல கையால் இழுத்தால் கெட்ட கை மேலே போகும். சுவரில் விரல்களை எறும்பு மாதிரி ஏறவிட வேண்டும். ரப்பர் பட்டையைக் கதவுப் பிடியில் கட்டி இழுக்க வேண்டும். இவள் சொன்னதைச் சொன்னபடி செய்தாள். பல்லைக் கடித்தாள், கண்ணீர் வந்தால் துடைத்துக்கொண்டாள், விரல் ஏறிய இடத்தில் சுவரில் பென்சில் கோடு போட்டாள். கோடு கதவு நிலை உயரத்துக்கு வந்துவிட்டது.

"நல்லா வருது மேடம்," என்றாள் பிசியோ. "ஆனா ஒண்ணு. இனிமேதான் ஆபத்து. வலி கொறஞ்சதும் கை தன்னால மேல போகும். மறதில எதையாவது எடுத்துடுவீங்க. உள்ள தையல் இன்னும் பச்சையாத்தான் இருக்கு. தோளக் கெடுக்கறது தண்ணியில்ல மேடம், பழக்கம். பழக்கத்தக் கட்டிப்போடுங்க."

பழக்கத்தைக் கட்டிப்போட இன்னும் யாரும் கயிறு கண்டுபிடிக்கவில்லை.

அன்று காலை கணவர் இரண்டு நாள் வேலையாக வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்தார். கீழே வண்டி வந்து ஹாரன் அடித்தது. முகத்தில் சவர நுரையோடு குளியலறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"அலமாரி மேல அந்தச் சின்னப் பெட்டி இருக்கு பாரு, அத கொஞ்சம் எறக்கி வச்சிடு."

அவர் சொன்னதும் பழக்கம். இவள் போனதும் பழக்கம். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெட்டியை இறக்குவது இவள், ஏற்றுவதும் இவள். குதிகாலை உயர்த்தி, இவள் நினைப்பதற்கு முன்பே போய்விட்ட வலது கையால் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். பெட்டி சரிந்து சட்டென்று விழுந்தது. விழுகிறதைப் பிடித்தாள். தோளுக்குள் யாரோ துணியை இரண்டாகக் கிழித்த மாதிரி இருந்தது.

அவர் நுரையோடு எட்டிப் பார்த்தார். "என்னாச்சு? கத்தின?"

"ஒண்ணுமில்ல."

"தோளா?"

"ஒண்ணுமில்லங்க. நீங்க கெளம்புங்க."

ஒன்றுமில்லை என்று அவருக்குச் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள். ஒன்று இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் அந்த நிமிஷமே இருக்கை போய்விடும் என்று பயந்தாள். அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஹாரன் மறுபடி அடித்தது, சட்டைகளை அடுக்கினார், பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பட்டையைக் கழற்றியதிலிருந்து அவள் மறுபடி கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மறுநாள் போகும் வழியில் பஸ்ஸை விட்டு ஏரிப் பக்கம் இறங்கிவிட்டாள். ஏன் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. படகுக் கொட்டகை திறந்திருந்தது. அவர்களுடைய படகு கரையோரம் பாதி தண்ணீரிலும் பாதி மண்ணிலுமாகக் கட்டிக் கிடந்தது. முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நின்று, இடது கையால் அதன் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். ஏறி உட்கார்ந்துவிடலாம், யாருமில்லை. துடுப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவளுக்கு அழுகையாக வந்தது. டீச்சருக்குக் கொடுத்த வார்த்தை நினைவில் வந்தது, துடுப்பைத் தொடவில்லை. கொஞ்சநேரம் நின்றுவிட்டுக் கரையேறி, வில்லை தேய்க்கப் போனாள்.

துணைக்குப் படுக்க வந்த அக்கா, சாயங்காலம் சேறு ஒட்டிய பேன்ட்டைப் பார்த்துவிட்டாள். அக்காவின் கண்ணுக்குத் தப்பிய சேறு இன்னும் பிறக்கவில்லை.

"ஏரிக்குப் போனியாடி?"

"கால் நனைச்சேன். அவ்வளவுதான்."

"கால் நனைச்சாளாம்! பூனை பால் பானைக்குள்ள கால் மட்டும் நனைச்சுதாம்."

இவளிடம் பேசி முடித்த கையோடு மாப்பிள்ளைக்குப் போன் போனது.

அதற்கப்புறம் கை ஏறவில்லை. சுவரில் விரல்கள் பாதிவழியில் நின்றுவிட்டன. பென்சில் கோடு மேலே நின்று அவளை வேடிக்கை பார்த்தது. பிசியோ கையைத் தூக்கிப் பிடித்து, பிடியை விட்டாள். கை தொப்பென்று விழுந்தது. பிசியோவின் முகம் மாறியது. "ஸ்கேன் எடுத்துட்டு டாக்டரப் பாருங்க மேடம்," என்றாள். மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. வெடுக்கென்று பேசுகிறவர்கள் பேசாமல் போனால் சங்கதி மோசம் என்று அர்த்தம்.

வீட்டில் கதை தயாராக இருந்தது. "நான் ஊர்ல இல்லாத நேரம் பாத்து ஏரிக்குப் போயிட்டா," என்று கணவர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். கோபமாகச் சொல்லவில்லை, சோகமாகச் சொன்னார். அதுதான் இன்னும் நன்றாக எடுபட்டது. கீழ்வீட்டுக்காரி உச்சுக்கொட்டினாள். சித்தப்பா, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவர் எப்போதுமே அப்போதே சொன்னவர்.

இவள் பெட்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவருக்கே தானாக நினைவு வரட்டும் என்று காத்திருந்தாள். நுரையோடு எட்டிப் பார்த்தவர்தானே, தோளா என்று கேட்டவர்தானே. ஒருநாள், சாப்பிடும்போதோ செருப்பு மாட்டும்போதோ, "அடடா, அன்னைக்கு அந்தப் பெட்டி" என்று அவர் வாயிலிருந்து வரும் என்று எதிர்பார்த்தாள். மறதிக்காரர், பாவம் என்று அவருக்காக இவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். அவர் அலமாரிப் பக்கம் பார்த்தாலே இவள் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிடுவாள். அவர் வெள்ளைச் சட்டை எங்கே என்றுதான் கேட்டார்.

டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் இருந்த கறுப்பு வெள்ளைப் படத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேற்று இவளே பொருத்திக் கொடுத்தது போன்ற மெல்லிய சட்டம், ஒரு பக்கம் வளைந்திருந்தது.

"தையல் விட்டுப்போச்சு. மறுபடி கிழிஞ்சிருக்கு. என்ன பண்ணீங்க?"

"ஏரிக்குப் போனா டாக்டர்," என்றார் கணவர். "நான் எவ்வளவோ சொன்னேன்."

டாக்டர் இவளைப் பார்த்தார். "துடுப்பு போட்டீங்களா?"

"இல்ல டாக்டர். அலமாரி மேலேருந்து ஒரு பெட்டிய எறக்கினேன்."

"அது வெறும் பெட்டி டாக்டர்," என்றார் கணவர் உடனே. "சின்னது. உள்ள ஒரு துணி கூட இல்ல. தூக்கினா கனமே தெரியாது."

இவள் திரும்பி அவரைப் பார்த்தாள். எந்தப் பெட்டி என்று அவர் கேட்கவில்லை. என்றைக்கு என்று கேட்கவில்லை. அவருடைய காது மடல் சிவந்தது. அப்படியானால் மறதி இல்லை. இத்தனை நாளும் சோற்றுத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து, கீழ்வீட்டுக்காரிக்கும் சித்தப்பாவுக்கும் ஏரிக் கதை சொல்லி, தங்கமான மனுஷனாக நடமாடிய இத்தனை நாளும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தோள் கிழிந்த வலியெல்லாம் அதற்கு முன்னால் ஒரு வலியே இல்லை.

"வெறும் பெட்டியே போதும் சார்," என்றார் டாக்டர், படத்தைப் பார்த்துக்கொண்டே. "தலைக்கு மேல கை போயி சடார்னு இழுத்தா தாங்காது. இன்னொரு தடவ தைக்கலாம்தான். ஆனா நாண் ரொம்ப நைஞ்சு போயிருக்கு, தையல் நிக்கும்னு என்னால சொல்ல முடியாது. என்னக் கேட்டா விட்டுடுங்கம்பேன். வலி கொறைஞ்சிடும். இப்ப இருக்கற அசைவு வீட்டு வேலைக்குப் போதும். படகுக்கு ஆகாது."

"வீட்டு வேலைக்குப் போதும் இல்லையா டாக்டர்?" என்று கேட்டார் கணவர்.

"தாராளமா."

"அப்பாடா," என்றார் அவர். அதில் கள்ளமில்லை. நிஜமாகவே நிம்மதிப்பட்டார். இவளுடைய இடது கையைத் தட்டிக்கொடுத்தார். "கேட்டியா? பயந்த மாதிரி ஒண்ணும் இல்ல."

காரில் ஏறியதும் சீட்டு பெல்ட்டை அவர்தான் மாட்டிவிட்டார். இரண்டு திருப்பம் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"தெரிஞ்சே ஏன் ஏரின்னு சொன்னீங்க?"

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். "வலிக்குதுன்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். நீங்க ஏன் ஏரின்னு சொன்னீங்க?"

"எல்லாரும் கேக்கறாங்கம்மா. நான் என்ன சொல்லட்டும்? ஆபரேஷன் பண்ணின பொண்டாட்டிய பெட்டி எறக்கச் சொன்னேன்னு சொல்லவா? காறித் துப்புவாங்க. ஏரின்னு சொன்னா யாரும் அதுக்கு மேல ஒரு கேள்வி கேக்கறதில்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீ போனதும் உண்மைதானே," என்றார்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. அதே நேரம் இவளுடைய போன் அடித்தது. டீச்சர். எடுக்காமல் விட முடியாது. அவள் குரல் போனுக்கு வெளியேயும் கேட்கும் என்பதால் கணவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னடி சொன்னாரு டாக்டர்?"

"ஆகாதுன்னுட்டார். முன் சீட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கோ."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. டீச்சருக்குக் குரல் இல்லாமல் போனதை இவள் அன்றுதான் கேட்டாள்.

"உங்க அக்காவக் கடைத்தெருவுல பாத்தேன்," என்றாள் பிறகு. "நீ ஏரிக்குப் போனேன்னு சொன்னாங்க. நான் நம்பல. நடுத்தெருன்னு கூடப் பாக்காம அவங்களோட சண்ட போட்டுட்டு வந்திருக்கேன். நீ உன் வாயால சொல்லு. எறங்கினியா?"

கணவரின் விரல்கள் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன.

சொல்லிவிடலாம். இல்லை, பெட்டி இறக்கினேன் என்று சொன்னால் போதும். டீச்சர் அவர் சட்டையைப் பிடிக்க இப்போதே கிளம்பி வருவாள். ஏரிக்கரை முழுக்கத் தெரிந்துவிடும். எல்லாரும் ஐயோ பாவம் என்பார்கள். முன் இருக்கையில் உட்கார்ந்து தாளம் போட்டவள், காற்றுக்கும் அலைக்கும் கொடுக்காத தோளைப் புருஷனுடைய வெறும் பெட்டிக்குக் கொடுத்தாள் என்பார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் படகை இறக்கும்போது அந்தப் பெட்டிக் கதையைப் பேசுவார்கள். அந்தப் பரிதாபத்தை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. போவதுதான் போயிற்று, தண்ணீரில் போனதாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

"எறங்கினேன்," என்றாள்.

"துடுப்பு போட்டியா?"

"போட்டேன்."

"எவ்வளவு தூரம் போன?"

"தீவு வரைக்கும்."

"தனியாவா?"

"தனியாத்தான். சுத்தி வந்தேன்."

"உன் சத்தியத்த நம்பி உக்காந்திருந்தேன் பாரு, என்னச் சொல்லணும்டி," என்றாள் டீச்சர். "நல்லா இரு." போனை வைத்துவிட்டாள்.

கணவர் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது. "நீ என்ன விட்டுக்கொடுக்கமாட்டேன்னு எனக்குத் தெரியும்மா," என்றார்.

"உங்களுக்காகச் சொல்லல," என்றாள் அவள்.

அவருக்கு அது புரியவில்லை. பச்சை விழுந்ததும் வண்டியை எடுத்தார்.